ஏரியைச் சுற்றி நடைபாதை வேண்டாம், பாதி போதும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். காவேரிப்பட்டணம் பக்கம் உங்கள் ஊர் ஏரிக்குப் படகுத்துறை, சிறுவர் பூங்கா, ஏரியைச் சுற்றி விளக்கோடு நடைபாதை என்று ஒரு திட்டம் வருகிறது. ஐப்பசியில் தொடங்கி மாசி வரை பறவைகள் வந்து இறங்கும் ஏரி அது. ஊரில் பாதிப் பேர் 'கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவதானப்பட்டி ஏரிப் பூங்கா இருக்கிறது, நமக்கும் ஒன்று வரட்டுமே' என்கிறார்கள். மீதிப் பேர் ஏரியே கெட்டுப்போகும் என்கிறார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், பிள்ளைகள் நீச்சல் பழக இடம் விடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

பூங்காவா பறவையா என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஏரியின் எந்தப் பகுதியை, எந்த மாதத்தில், யாருக்கு விடுவது என்று கேட்டால் பதில் இருக்கிறது. நான் பாசன ஏரிகளின் கரை, மதகு, கோடி (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்) பார்க்கும் வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து ஏரிகளைப் பார்த்து வருகிறேன். அதனால் மண்ணையும் தண்ணீரையும் பற்றி அடித்துச் சொல்வேன். பறவைகளைப் பற்றிக் கொஞ்சம் அடக்கித்தான் சொல்வேன். அது வேலையோடு சேர்ந்து வந்த ஆசை, படித்த படிப்பு இல்லை.

நம் ஏரிகள் தானாக உண்டானவை அல்ல, கட்டியவை. ஒரு பக்கம் பிறை மாதிரி வளைந்த மண் கரை. ஆழமெல்லாம் அந்தக் கரையை ஒட்டி, மதகுப் பக்கம். எதிர்ப்பக்கம் கரையே கிடையாது. இடுப்பளவு, முழங்கால் அளவு, கணுக்கால் அளவு என்று தண்ணீர் மெலிந்துகொண்டே போய்ச் சேறாகி, புல்லாகி, யாரோ ஒருவருடைய கேழ்வரகுக் கொல்லையில் முடியும். ஓடைகள் வந்து சேர்வதும் அந்தப் பக்கம்தான். இந்த அமைப்பைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கரைப்பக்கம் காலங்காலமாக மனிதர்கள் புழங்குகிற இடம். வண்டி போகும், மாடு போகும், துணி துவைப்பார்கள், ஊர்க்கோயில் கரைமேலேயே இருக்கும். அங்கே ஆழத் தண்ணீரில் மூழ்கி எழும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இந்தப் புழக்கத்துக்குப் பழகியவை. எதிர்ப்பக்கத்து மெல்லிய தண்ணீர்தான் மற்ற பறவைகளுக்குச் சோறு போடும் இடம்.

ஒருநாள் அங்கே நின்று மஞ்சள் மூக்கு நாரையைப் பாருங்கள். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே நடக்கும். மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகில் ஏதாவது பட்ட மாத்திரத்தில் டப்பென்று மூடிக்கொள்ளும். கால் நனைந்து நடக்க முடிகிற ஆழத்தில்தான் இந்த வேலை நடக்கும். நெடுங்கால் உள்ளானுக்கு அதைவிடக் குறைந்த ஆழம், கொசு உள்ளானுக்கு வெறும் ஈரச் சேறு. ஆக, 'ஏரியை ஆழப்படுத்துகிறோம்' என்று ஜேசிபி வைத்து ஓரம் வரை ஒரே மட்டமாக வெட்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்துவிட்டால் தண்ணீர் கூடும், பறவை போய்விடும். படகே விடாவிட்டாலும் போய்விடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல திட்ட வரைபடங்களில் ஏரி கிண்ணம் மாதிரி ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அதனால்தான் என் முதல் யோசனை: நடைபாதை கரையோடு நிற்கட்டும், ஏரியைச் சுற்ற வேண்டாம். முழு வட்டம் போடுவதென்றால் எதிர்ப்பக்கத்தில் புதிதாக மண் கொட்டி மேடு எழுப்ப வேண்டும். அந்த மேடு ஓடைகளுக்குக் குறுக்கே போகும். அடியில் குழாய் வைப்பார்கள். இரண்டு மழைக்குள் பிளாஸ்டிக்கும் புதரும் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏரிக்கு வராமல் மேல்பக்கத்து நிலத்தில் தேங்கும். மேட்டுக்கு வெளியே விடுபட்ட ஏரி நிலம் சில ஆண்டில் யாருடையதாகவோ ஆகிவிடும். பறவைக்காகக்கூட வேண்டாம், பாசனத்துக்காக மட்டுமே பார்த்தாலும் முழு வட்டம் தப்பு. போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்தால் காலைநடை குறைந்துவிடாது. பறவை பார்க்கிறவர்களுக்குக் கரையில் இரண்டு இடத்தில் நிழலோடு மேடை போட்டு, ஒரு தொலைநோக்கியும் பொருத்திக் கொடுத்தால் போதும்.

கரைமேல் போடும் பாதையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மண் கரையைத் தலையிலிருந்து கால் வரை கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டு மூடக் கூடாது. மழைக்காலத்தில் கரையைப் பார்க்கப் போகிறவன் கண் தேடுவது எலி வளை, நண்டு வளை, மேலே ஓடும் வெடிப்பு, வெளிச்சரிவின் அடியில் புதிதாகக் கசியும் ஈரம். கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் ஓரளவு நிம்மதி. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, அன்று இரவு தூக்கம் கிடையாது. டைல்ஸுக்கு அடியில் இதெல்லாம் நடந்தால் யார் பார்ப்பது? கிராவல் போட்டு இறுக்கிய பாதை போதும். பெரிய மரங்களையும் கரைமேல் நட வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் போன வழியே தண்ணீர் போகும்.

சிறுவர் பூங்காவுக்குப் பழைய ஆட்களே வழி காட்டியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பூங்கா எங்கே இருக்கிறது? அணைக்குக் கீழ்ப்பக்கம். மேட்டூரிலும் அப்படித்தான். நீர்ப்பரப்புக்குள் மண் கொட்டி இடம் எடுக்கவில்லை. உங்கள் ஏரியிலும் ஊஞ்சலும் சறுக்குமரமும் கரைக்கு வெளியே, புறம்போக்கு கிடைத்தால் அங்கே வரட்டும். ஆனால் கோடித் தண்ணீர் போகும் வாய்க்காலை மட்டும் தொடக் கூடாது. பல ஊரில் வண்டி நிறுத்த அதைத்தான் சமன்படுத்துகிறார்கள், ஏனென்றால் ஆண்டில் பதினொரு மாதம் அது சும்மா கிடக்கிற நிலம் மாதிரி தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். ஏரித் தண்ணீர் தன் வழியை மறக்காது, நாம்தான் மறக்கிறோம்.

இனிப் படகு. மிதிபடகா மோட்டாரா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அதற்கு விடை எளிது: மோட்டார் வேண்டாம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஊற்றுகிற எண்ணெயில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீரில் கலந்துவிடும். புதிய இன்ஜினில் அது குறைவு. ஆனால் வேகமாகப் போகும் படகு எழுப்பும் அலை மண் கரையை அரிக்கும், ஆழம் குறைந்த இடத்தில் அடிச்சேற்றைக் கலக்கும். அந்தச் சேற்றில் படிந்திருக்கும் சத்தெல்லாம் மேலே வந்து பாசிக்குத் தீனியாகும். பேட்டரியில் ஓடும் படகு புகை விடாது, அலை எழுப்பாமல் இருக்குமா என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. மிதிபடகே போதும், அதுவும் மிதவைக் கயிறு கட்டி, கரைப்பக்கத்து ஆழத் தண்ணீரோடு நிறுத்த வேண்டும். கயிறு இல்லாவிட்டால் வாத்துக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போவதுதான் பயணிகளின் முதல் விளையாட்டாக இருக்கும்.

படகை விடப் பெரிய சிக்கல் படகுக் குத்தகையில் இருக்கிறது. இதை யாரும் பேசுவதில்லை. குத்தகை எடுத்தவருக்கு ஆண்டு முழுவதும் ஏரி நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் இறங்கினால் அவருக்கு நட்டம். ஆயக்கட்டு விவசாயிக்கு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்காரருக்கு, மதகைத் திறக்க வேண்டும். மீன் குத்தகைக்காரருக்குக் கோடையில் தண்ணீர் வற்றினால்தான் கடைசி அறுவடை. பறவைக்கோ தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வர வேண்டும். மார்கழி, தையில் வாரத்துக்கு வாரம் புதிதாக வெளியே தெரியும் சேற்று விளிம்புதான் வலசை வந்த உள்ளான்களுக்குப் பந்தி. பாருங்கள், விவசாயி, மீன்காரர், பறவை மூவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், படகுக்காரர் மட்டும் தனி. மதகைத் திறக்காமல் இழுத்தடிப்பது, கோடியில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை ஏற்றிப் பிடிப்பது எல்லாம் இந்த இடத்தில்தான் முளைக்கும். கோடி மட்டத்தை அரை அடி ஏற்றினாலும் மேல்பக்கத்துப் பட்டா நிலம் முழுகும், பெருமழையில் கரைக்கே ஆபத்து. எனவே குத்தகைப் பத்திரத்திலேயே 'நீர்மட்டம் பாசனத்தைப் பொறுத்தது. தண்ணீர் இன்ன மட்டத்துக்குக் கீழே போனால் படகு நிறுத்தப்படும், அதற்கு இழப்பீடு கிடையாது' என்று எழுத வைக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பருவத்துக்குப் பருவம் மூடினால் மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். ஒகேனக்கல் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழக்கம்தானே. காவிரித் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை. வந்தவர்கள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் தடையை ஏற்பார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அரசாணை வந்து சாதித்த காரியம் இல்லை அது.

அப்புறம் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சானமாவு போல யானை புழங்கும் காட்டை ஒட்டிய ஏரி என்றால் மேலே சொன்ன எதுவும் முதல் கேள்வி ஆகாது. பொழுது சாய்வதற்குள் மனிதர்கள் கரையை விட்டு இறங்கியாக வேண்டும், விளக்குப் போட்டு இரவு உலா என்ற பேச்சே கூடாது.

இதுவரை உறுதியாகச் சொன்னேன். இனிச் சொல்வதில் சந்தேகம் கலந்திருக்கிறது. எத்தனை மீட்டர் தள்ளி நின்றால் பறவை பறக்காது என்று கேட்டால் எல்லா ஏரிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. இனத்துக்கு இனம் மாறும். முன்பு வேட்டை நடந்த ஏரி என்றால் தூரத்தில் ஆளைக் கண்டாலே எழும்பிவிடும். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், பக்கவாட்டில் நடந்து போகிறவர்களுக்குப் பறவைகள் பழகிக்கொள்கின்றன. நேராகத் தங்களை நோக்கி வருகிறவரையும் அவிழ்த்துவிட்ட நாயையும் கண்டால் பழகுவதில்லை. இது நானும் பார்த்தது, பறவை ஆராய்ச்சி செய்கிறவர்களும் சொல்வது. ஆனால் 'பறக்காமல் நிற்கிறது, அதனால் பாதிப்பில்லை' என்று சொல்ல முடியுமா? மேயாமல் தலையைத் தூக்கி நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாலும் அதற்கு நட்டம்தான். அந்த நட்டம் எவ்வளவு என்பதை அந்தந்த ஏரியில் எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்திலும் இப்படி ஒரு மங்கலான இடம் உண்டு. 'ஈரநிலச் சட்டம் இருக்கிறது, எதையும் கட்ட முடியாது' என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நேராக இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கின்றன. நம் ஏரிகள் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். அதே 2017இல் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கெடுத்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று சொன்னது. இரண்டையும் வைத்து வழக்கறிஞர்கள் இரு பக்கமும் வாதிடலாம். உங்களுக்குக் கெட்டியான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. ஏரி பொதுப்பணித்துறையிலிருந்து பிரிந்த நீர்வளத்துறையின் பொறுப்பில் இருந்தால், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டப்படி அளந்து எல்லைக்கல் நட வேண்டும். பூங்கா வருமுன் கல் நட்டாக வேண்டும் என்று கேளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுவாக அந்தத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். உங்கள் ஏரி யாரிடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திட்டம் போடுகிறவர் ஒருவர், ஏரிக்குச் சொந்தக்காரர் இன்னொருவர், மீன் ஏலம் விடுகிறவர் மூன்றாமவர் என்று இருப்பது சகஜம்.

படகையே பார்த்துக்கொண்டிருந்தால் சாக்கடை கண்ணில் படாது. ஏரிக்கு உண்மையில் உயிர்ப்பகை அதுதான். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை பொங்கி வருவதை நாம் எல்லாரும் பார்த்துவிட்டோம். மேலே பெங்களூர்ப் பக்கமிருந்து தென்பெண்ணை கொண்டுவரும் கழிவு அது. உங்கள் ஏரியில் அந்த அளவுக்கு இருக்காது, ஆனால் ஊர்ச் சாக்கடை எந்த ஓடையில் சேர்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். சத்து மிகுந்தால் பாசி பச்சையாகத் திரளும். பகலில் அது உயிர்வளி விடும், இரவில் அதுவே உயிர்வளியைத் தின்னும். அதனால்தான் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில். நீங்கள் விடியலில் போய், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால், பூங்காவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் ரூபாய் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பூங்கா வந்தால் கழிப்பறையும் வரும், அதன் தொட்டி எங்கே என்று வரைபடத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில்லறை விஷயங்களும் இருக்கின்றன. விளக்கு கீழ்நோக்கி எரியட்டும், எட்டு மணிக்கு அணையட்டும், தண்ணீர்மேல் ஒளி அடிக்க வேண்டாம். பொரி போடுவதை நிறுத்த வேண்டும். கரையில் உடையும் பாட்டில் நாற்று நடுகிறவர் காலையும் வலை இழுப்பவர் காலையும்தான் கிழிக்கும். நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் தரும் ஏற்பாடு 2022இல் வந்தது, அதே மாதிரி பூங்கா வாசலில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் செய்யலாம். ஏரிக்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்த கருவேல மரங்கள் நின்றால் அதில் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் உண்டு, மர ஏலத்தைக் குஞ்சுகள் பறந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது என்றால், திட்டத்தை மறுக்காமல் திருத்தச் சொல்லும் பக்கம் நில்லுங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத ஏரி பத்திரமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. குப்பை கொட்டவும் மனை பிரிக்கவும் அதுதான் வசதி. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. காலையில் நூறு பேர் நடக்கும் கரையில் லாரி வந்து கழிவைக் கவிழ்க்கத் தயங்கும். அதனால் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, சிவப்பு மையில் எதிர்ப்பக்கத்தையும் ஓடைகளையும் கோடி வாய்க்காலையும் வட்டமிட்டு, 'இங்கே எதுவும் வேண்டாம், மற்றதைச் செய்யுங்கள்' என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மார்ச் 22 தண்ணீர் நாளுக்கென்றே ஒரு கிராம சபை இருக்கிறது. அதற்கு முன் பறவைகளை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எண்ணி, பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், பொங்கலை ஒட்டிய பறவைக் கணக்கெடுப்பிலும் சேருங்கள். 'நிறையப் பறவை வரும்' என்று சொன்னால் அதிகாரி தலையாட்டுவார். தேதி போட்ட பட்டியலை நீட்டினால் கோப்பில் வைத்தாக வேண்டும்.

நீச்சல் கேள்விக்கு வருகிறேன். விடலாம், ஆனால் எந்த இடம் என்பதில் உயிர் இருக்கிறது. பிள்ளைகள் முழுகிப்போவது பெரும்பாலும் ஏரியின் இயல்பான ஆழத்தில் இல்லை. வண்டல் எடுத்தவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுப்போன குழிகளில். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்குமேல் போய்விடுவான். இப்போது வட்டாட்சியரே வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கிறார், எடுப்பவர்களும் கூடிவிட்டார்கள். ஏரி வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியிலேயே பெரியவர்கள் இறங்கி நடந்து, குழி இல்லாத, சரிவு சீரான ஓர் இடத்தைக் கரைப்பக்கத்தில் பார்த்து, நாலு மூங்கில் நட்டு எல்லை வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு தேடினால் தெரியாது. மதகிலிருந்து அந்த இடம் நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மதகு திறந்திருக்கும் நாளில் அடியில் இழுக்கும் வேகம் மேலே நிற்பவருக்குத் தெரியாது. அன்று யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.